நூல்பிடியாரும் பள்ளியின் பின்சுவரும்

குழி வெட்டுகிறவருக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் துணிச்சல் வராது. கடைசியில் அவர் கையில்தானே போய்ச் சேர வேண்டும்? ஆனாலும் இவருக்கு வைத்தார்கள், நூல்பிடியார் என்று. அவரும் முகம் சுளிக்கவில்லை. உள்ளூர அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பெருமைப்பட விஷயம் இருந்தது. பழைய பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் மையவாடியில் ஊர் மக்களையெல்லாம் அடக்கம் செய்தது அவர்தான். மதில் மேல் ஏறி நின்று பார்த்தால் கபுருகள், அந்தக் குழிமேடுகள் எல்லாம் உழுத வயல் மாதிரி வரிவரியாகத் தெரியும். அவருடைய அத்தா வெட்டியவையும் அப்படித்தான். பேர் மட்டும் மகனுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வேண்டுமே.

வீட்டிலும் இதே கூத்துதான். கொடியில் துண்டு ஒரு பக்கம் இறங்கித் தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. எழுந்து போய் இழுத்து விட்டுவிட்டு வந்துதான் அடுத்த வாய்.

"என்னைக் கட்டிக்கும்போதும் நூல் பிடிச்சுத்தான் பாத்தீங்களா?" என்பாள் மனைவி.

"பாத்தேன். அப்போ நேராத்தான் இருந்தே."

"அப்போ யார் கோணலாக்கினது?"

அதற்கு மேல் அவர் வாய் திறக்க மாட்டார். கெட்டிக்காரர்.

இனி அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவசரப்படுகிறவர்கள் அவசரப்படட்டும். கட்டடம் தெரியாமல் அவருக்கு வந்த குழப்பம் விளங்காது.

பள்ளியின் வாசல் துணிக்கடைத் தெருவில் இருக்கிறது. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒடுக்கமான ஒரு கல் வளைவு. புதிதாக வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டு, யாரையாவது கேட்டுத் திரும்பி வருவார்கள். உள்ளே நுழைந்தால் நேராகப் போக வழியில்லை. இருட்டான நடை ஒன்று இடப்பக்கம் திரும்பும், அப்புறம் வலப்பக்கம், அப்புறம் கைகால் கழுவும் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு வளைசல். தெருவின் இரைச்சலை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று அப்படிக் கட்டினார்களாம். இரைச்சல் கழன்றதோ இல்லையோ, திசை கழன்றுவிடும். தொழுகைக் கூடத்தில் வந்து நிற்கிறவரிடம் கடைத்தெரு உன் முதுகுக்குப் பின்னாலா, தோளுக்குப் பக்கத்திலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

கூடத்தில் குட்டையான கல்தூண்கள். ஒன்றில் பூ, ஒன்றில் கயிறு முறுக்கினாற்போல் வரி, ஒன்று மழுமழுவென்று வெறுமை. அந்தக் காலத்து வியாபாரிகள் ஆளுக்கொரு தூண் கொடுத்தார்களாம். ஒருத்தர் தூணைப் போல இன்னொருத்தர் தூண் இருக்கக்கூடாது என்று வீம்பாம். எதிரே தொழும் திசையில் பெரிய சுவர். நடுவில் இமாம் நிற்கும் வளைந்த மாடம். சுவரின் இரண்டு கோடியிலும் மையவாடியைப் பார்த்து ஒவ்வொரு சன்னல். இடக்கோடிச் சன்னலின் திண்டு அகலமோ அகலம். மோதினார், அதாவது பாங்கு சொல்கிறவர், பாயைச் சுருட்டி அங்கேயே வைத்திருப்பார். மதியத்தில் அதற்குள்ளேயே காலை நீட்டிப் படுத்துத் தூங்கவும் செய்வார். வலக்கோடிச் சன்னலிலோ ஒரு தம்ளரை வைத்தால் நிற்காது, விழுந்துவிடும். ஒரே சுவர்தான். ஒரு கோடியில் ஆள் படுக்கலாம், மறுகோடியில் தம்ளர் நிற்காது. தலைமுறை தலைமுறையாக எல்லாரும் பார்த்தார்கள், ஏன் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. மோதினாருக்குத் தூக்கம் வந்தது, அதோடு சரி.

உள்ளே தொழுகிறவர்களுக்கு அது முன்சுவர். மையவாடியிலிருந்து பார்த்தால் அதுவே பள்ளியின் பின்சுவர். மையவாடிக்கு வழி வேறு, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஆகையால் அந்தச் சுவரின் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்த்தவர் எவரும் இல்லை.

நூல்பிடியார் குழிக்கு நேர் எடுத்தது அந்தப் பின்சுவரில்தான். மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, குழியில் வலப்பக்கமாகச் சரித்து, முகம் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க வைக்க வேண்டும். அப்படியானால் குழி தொழும் திசைச் சுவருக்கு இணையாக ஓட வேண்டும். நூலின் ஒரு முனையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அந்தக் கோட்டையே தள்ளித் தள்ளிக் கொண்டுவருவார். "சுவரைப் பாத்துக்கோ, மத்ததைச் சுவர் பாத்துக்கும்" என்று அத்தா சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுவரும் அதுவரை குறை ஒன்றும் வைக்கவில்லை.

அவருக்கு ஓர் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பெண் பார்த்துக் கட்டி வைத்தவளும் அவள்தான். மையவாடியில் அத்தா, அம்மா, அப்புறம் ஓர் ஆள் இடம் காலி, அதற்கடுத்து அக்காவின் புருஷனான மச்சான். அந்தக் காலி இடம் அக்காவுக்கு. மச்சானை அடக்கம் செய்த அன்றே கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டு வாங்கிய இடம். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் தம்பியை நோண்டுவாள்.

"எனக்கு உடம்பு போட்டுடுச்சுடா. அந்த இடம் போதுமா?"

"போதும்க்கா. ஒருக்களிச்சுத்தானே படுக்கப் போறே."

"உன் மச்சான் பக்கம் ரொம்ப நெருக்கிடாதே. அந்த மனுஷன் உதைப்பாரு."

அவளுக்கு மூச்சு வாங்கும் நோய் வந்து படுத்த சமயத்தில்தான் பள்ளியின் சுவரில் வெடிப்பு கண்டது. மோதினார் படுக்கும் சன்னலுக்கு மேலே, விரல் நுழையும்படியான வெடிப்பு. "நான் குறட்டை விட்டதால வந்ததுன்னு சொல்லிடாதீங்கப்பா" என்று மோதினார் முன்கூட்டியே சொல்லி வைத்தார். நிர்வாகத்தார் பழைய கட்டடங்களை அளந்து பார்க்கிற ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். பொறுமையான பெண். முக்காலியில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு உள்ளே அளந்தாள், கூரை மேல் ஏறி அளந்தாள், பிறகு மையவாடிப் பக்கம் வந்தாள். கபுருகளுக்கு நடுவே கால் வைக்கத் தெரிந்தவர் நூல்பிடியார் ஒருவர்தான் என்பதால் அளவுநாடாவின் மறுமுனை அவர் கைக்கு வந்தது. நூல் பிடித்த கைக்கு நாடா பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா?

அளந்து முடித்து அவள் தாளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு.

"ஐயா, இந்தச் சுவர் உள்ளே ஒரு பக்கம் போகுது, வெளியே ஒரு பக்கம் போகுது. கவனிச்சிருக்கீங்களா?"

"சுவர் எங்கேம்மா போகும்? அது நின்னுக்கிட்டுத்தானே இருக்கு."

அவள் கீழே உட்கார்ந்து மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினாள். ஒரு கோடியில் அகலம், மறுகோடியில் குறுகல், மொத்தத்தில் நாம் கதவுக்கு அடியில் செருகுகிற ஆப்பு மாதிரி. இந்த மையவாடி முன்பு மையவாடியே இல்லையாம். இங்கே சாயக்காரர்களின் தெரு ஒன்று இருந்ததாம். பள்ளியைக் கட்டியபோது, தெருவுக்குள் ஒரு கல்கூட நீட்டக்கூடாது, வீடுகளின் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெருக்காரர்கள் கட்டாயம் பண்ணியிருப்பார்கள். தெருவோ கிப்லாவுக்கு ஒத்துப்போகவில்லை. கட்டியவர் என்ன செய்தார்? வெளிமுகத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார், உள்முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பிக்கொண்டார். இடையில் விழுந்த கோணலைக் கல்லைக் கொட்டி நிரப்பிவிட்டார். பிறகு எப்போதோ தெரு அழிந்து, இடம் பள்ளிக்கு வந்து, அடக்கம் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

"எவ்வளவு மூளை பாருங்க!" என்றாள் அந்தப் பெண். உள்முகத்தின் கோடு வெளியே எப்படி ஓடும் என்று காட்ட, ஓரமாக இரண்டு முளை அடித்துச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, மகிழ்ச்சியாகப் போய்விட்டாள்.

நூல்பிடியார் அந்த முளைகளைப் பார்த்தார். பிறகு தன் வரிசைகளைப் பார்த்தார். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் வேறு வேறு பக்கம் போயின. ஒரு ஆள் நீளத்துக்கு ஒரு சாணுக்கு மேலேயே விலகல் இருக்கும். அப்படியானால் இத்தனை பேர், அத்தா, அம்மா, மச்சான், ஊரார் எல்லாரும், இல்லாமல் போன ஒரு சாயக்காரத் தெருவுக்கு நேராகப் படுத்திருக்கிறார்கள். படுக்க வைத்தது அவர் அத்தாவும் அவரும்.

அவரால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. நேரே கூடத்துக்குள் போனார். மாடத்துக்கு முன்னால் நின்று கிப்லாவைப் பார்த்து வலக்கையை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே நடந்து மையவாடிக்கு வந்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. தொட்டி வளைசலில் உடம்பு திரும்பியது, கையைத் திருப்பாமல் இருக்கத் தோளை முறுக்கினார். நடையில் இடப்பக்கம் திரும்பும்போது கை முதுகுப்பக்கம் போய்விட்டது. அடுத்த திருப்பத்தில் எதிரே வந்த மோதினாரின் மார்பில் போய் இடித்தது.

"என்ன நூலு, என்னை எங்கே போகச் சொல்றே?"

"கொஞ்சம் ஒதுங்குய்யா. கிப்லா கையில இருக்கு."

"அதை ஏன் வெளியே எடுத்துட்டுப் போறே?"

மையவாடிக்கு வந்து சேர்ந்தபோது கை வாயில்கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் இடக்கையால் செய்து பார்த்தார். அது வேப்பமரத்தைக் காட்டியது. அன்று அவர் வீட்டில் துண்டு கோணலாகவே தொங்கியது, அவர் எழுந்திருக்கவில்லை. மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அக்கா போய்விட்டாள்.

அழக்கூட அவரை விடவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று முடிவானது. அதற்குள் குழி தயாராக வேண்டும். அக்காவின் மகன் வந்து நின்றான், வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். கையைக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தான், ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

"மாமா, அம்மா சொன்ன இடம்தானே?"

"இடம் அதுதான்டா. திசைதான்..."

"திசைக்கு என்ன?"

சொன்னார். அவன் முளையையும் கபுருகளையும் மாறிமாறிப் பார்த்தான். புதுக் கோட்டின்படி வெட்டினால் காலி இடத்தில் குழி அடங்காது. தலைமாடு அம்மாவின் கபுருக்குள் போகும், கால்மாடு மச்சானின் கபுரை இடிக்கும். ஏற்கெனவே படுத்தவர்களைத் தொடுவது முறையில்லை. அடங்க வேண்டுமானால் அக்காவை மதில் ஓரம் தனியாகத்தான் கொண்டு போக வேண்டும்.

"தனியா வைக்கவா? எங்க அத்தா பக்கத்துலதான் வைக்கணும்னு ஆஸ்பத்திரியிலகூடச் சொன்னாங்க மாமா. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க."

"எனக்கும் சொன்னாடா."

"அப்புறம் என்ன? எல்லாரும் படுத்திருக்கிற மாதிரியே படுக்கட்டும்."

"எல்லாரும் படுத்திருக்கிறது தப்புன்னா?"

மண்வெட்டியை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு நூல்பிடியார் பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தைத் தேடிப் போனார். ஹஜ்ரத் அவரைவிட வயதில் சின்னவர், நிதானமானவர். முழுவதையும் கேட்டார்.

"அண்ணே, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. தெரியாம செஞ்சதுக்குக் கேள்வி கிடையாது. கிப்லாவோட பக்கம் இருந்தா போதும், கொஞ்சம் விலகினா பரவாயில்லை. அக்கா ஆசைப்பட்ட இடத்துலயே, பழையபடியே வைங்க."

"தெரியாம செஞ்சதுக்குக் கேள்வி இல்லை. சரி. இப்போ தெரிஞ்சுபோச்சே ஹஜ்ரத்?"

"தெரிஞ்சாலும் அந்த விலகல் பரவாயில்லைன்னுதான் சொல்றேன்."

"பரவாயில்லைன்னா, அந்தக் காலத்துல கட்டினவன் எதுக்கு இவ்வளவு கல்லைக் கொட்டி சுவரைத் தடிக்க வெச்சான்? தெருவோட தெருவா நேராக் கட்டிட்டுப் போயிருக்கலாமே. அவனுக்கு யாரும் சொல்லலையா பரவாயில்லைன்னு?"

ஹஜ்ரத் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாடியைத் தடவினார்.

"அதை அவர்கிட்டத்தான் கேக்கணும்."

"அவரும் இங்கேதான் எங்கேயாவது படுத்திருப்பாரு. எந்தப் பக்கம் பாத்துன்னு யாருக்குத் தெரியும்?"

"அண்ணே, நான் சொன்னது சட்டம். நிம்மதி வேணும்னா அது என் கையில இல்லை. நேரம் ஆகுது, போய் வெட்டுங்க."

வந்தார். அத்தா, அம்மா கபுருகளுக்கு முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்கவா, வேண்டாமா? தப்பு நடந்ததா என்பதே தெரியாதபோது எதற்கென்று கேட்பது? கடைசியில் நூலை எடுத்துப் பழையபடி பின்சுவரில் வைத்துப் பிடித்தார். மேலே மண்ணில் கீறிய குழி அம்மாவுக்கும் மச்சானுக்கும் நடுவில் அச்சாகப் பொருந்தியது. அக்காவின் மகனுக்கு நிம்மதி.

மண் ஈரமாக இருந்தது, சீக்கிரம் வெட்டுப்பட்டது. இடுப்பளவு, மார்பளவு. அடிக்கு வந்ததும் கிப்லாப் பக்கத்து மண்சுவரைக் குடைந்து ஒரு பக்கக்குழி எடுக்க வேண்டும். மையித்து அதற்குள்தான் படுக்கும், அதைப் பலகையால் மூடிவிட்டுத்தான் மேல்குழியில் மண் தள்ளுவது. அவர் குந்தி உட்கார்ந்து குடையத் தொடங்கினார். மேலே வெயில், குழிக்குள் குளிர்ச்சி. குழிக்குள் இருந்து பார்த்தால் சுவரும் தெரியவில்லை, முளையும் தெரியவில்லை. அக்காவின் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

யோசித்துச் செய்தாரா, கை தன்பாட்டுக்குச் செய்ததா என்று பிற்பாடு மனைவி கேட்டாள். அவருக்கே தெரியாது. பாதி குடைந்த பிறகுதான் கவனித்தார். தலைமாட்டில் மண்வெட்டி ஆழமாகப் போயிருந்தது, கால்மாட்டில் மேலோடு நின்றிருந்தது. எழுந்து நின்று எட்டி முளைகளைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார், தலைமாட்டில் இன்னும் கொஞ்சம் குடைந்தார். கால்மாட்டில் மண்ணை அள்ளி அப்பித் தட்டினார். மேல்குழி பழைய சாயக்காரத் தெருவுக்கு நேர். உள்ளே அக்கா படுக்கப்போகும் இடம் சிவப்பு முளைக்கு நேர். பள்ளியைக் கட்டியவர் கல்லில் பண்ணியதை இவர் மண்ணில் பண்ணியிருந்தார். அது தெரிந்தபோது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது.

தொழுகை முடிந்து அக்காவின் ஜனாஸாவைக் கொண்டுவந்தார்கள். இறக்கி வைக்க அக்காவின் மகனும் அவரும் குழிக்குள் இறங்கினார்கள். அவன் பக்கக்குழியைப் பார்த்ததும் திகைத்தான்.

"மாமா, கோணலா இருக்கே." தாழ்ந்த குரலில்தான் சொன்னான்.

"தலையைப் பிடிடா."

"இல்ல மாமா, உங்களுக்கா கோணல் வந்துச்சு?"

"நேரா கோணலான்னு எனக்கே தெரியல. தலையை உள்ளே தள்ளி வை. இன்னும் உள்ளே. ஆங், அம்மாவைப் பிடிக்கிற மாதிரிப் பிடி, இரும்பைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதே."

அவன் அழுதுகொண்டே பிடித்தான். அக்கா அந்த இடத்தில் சரியாக அடங்கினாள். உடம்பு போட்டுவிட்டது என்று அவ்வளவு சொன்னவள், கடைசி நாட்களில் இளைத்துப்போயிருந்தாள். பலகை சாய்த்து, இடுக்குகளில் மண் அப்பி, மேலே ஏறி, எல்லாரும் கைப்பிடி மண் போட்டார்கள். மேடு கட்டித் தட்டியபோது அது அம்மாவின் மேட்டோடும் மச்சானின் மேட்டோடும் ஒரே வரிசையில், உழுத வயல் மாதிரியே இருந்தது. உள்ளே வேறு மாதிரி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஹஜ்ரத் மட்டும் அவரைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வாயிலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேருமாகச் சந்து வழியாக நடந்தார்கள்.

"நல்லபடியா வெச்சீங்களா?"

"மேலே பழைய கோடு. உள்ளே புதுக் கோடு."

"புரியலையே."

"எனக்கும்தான். அவ இப்போ அம்மா பக்கத்துலயும் இருக்கா, மச்சான் பக்கத்துலயும் இருக்கா. ஆனா அவங்க ஒரு பக்கம் பாக்குறாங்க, இவ ஒரு பக்கம் பாக்குறா. நான் பண்ணினது சரின்னா அவங்களுக்குப் பண்ணினது தப்பு. அது தப்பில்லைன்னா இதை எதுக்குப் பண்ணினேன்?"

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அண்ணி தூங்கும்போது எப்பவுமே கொஞ்சம் சரிஞ்சுதான் படுப்பாங்க" என்றாள்.

அவர் நின்றுவிட்டார். "அது எந்தப் பக்கம்?"

"அதையெல்லாம் யார் பாத்தா?"

அவர் திரும்பி மையவாடிப் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு எதற்காகத் திரும்பினோம் என்று தெரியாமல் நடுச்சந்தில் நின்றார். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரன் ஒதுங்கச் சொன்னான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவர் யோசிப்பதற்குள் மனைவி கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.